முதல் வேலை, சோழிங்கநல்லூர்: ரூம் எங்க பாக்குறது, கையில எவ்வளவு வச்சுக்கணும்?

#1 குற்றாலச்சாரல்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். ஊரு தென்காசி பக்கம். சோழிங்கநல்லூர்ல வேலை, அடுத்த மாசம் 2ஆம் தேதி திங்கக்கிழமை சேரணும். சிடிசி (கம்பெனி எனக்காக வருஷத்துக்குச் செலவழிக்கிற மொத்தத் தொகை) ₹3.2 லட்சம். சென்னையில சொந்தக்காரங்க யாரும் இல்ல. ஆன்லைன்ல ஒரு சிங்கிள் ரூம் ₹6,500ன்னு போட்டிருக்கு. பேசினவர் மிலிட்டரில இருக்காராம். கேட் பாஸுக்கு ₹3,000 அனுப்பினா சாவி தர்றேங்கறார். அனுப்பலாமா? பிஜியா (சாப்பாட்டோட தங்குற பேயிங் கெஸ்ட்), மேன்ஷனா, வீடா, எது சரியா வரும்? கையில எவ்வளவு காசோட வரணும்?

#2 மேடவாக்கம்வாசி

முதல் கேள்விக்குப் பதில்: அனுப்பாதீங்க. மிலிட்டரி, வேற ஊர்ல போஸ்டிங், கேட் பாஸ், திருப்பித் தர்ற டெபாசிட்னு வர்ற விளம்பரம் பழைய மோசடி. அடுத்து க்யூஆர் அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்குக் காசு வரும்"பாங்க. காசு வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ரூமை நேர்ல பாக்காம ஒரு ரூபாகூடக் கொடுக்காதீங்க.

ரெண்டாவது, வந்த உடனே வீடு பிடிக்காதீங்க. ஷிப்ட் என்னன்னு சேர்ந்த பிறகுதான் தெரியும். கம்பெனி கேப் (கூட்டிட்டுப் போற கார்) உண்டா, எந்தப் பாயிண்ட்ல ஏத்துவாங்க, வாரத்துல எத்தனை நாள் ஆபீஸ், எல்லாமே முதல் ரெண்டு வாரத்துலதான் தெளிவாகும். ஒரு மாசம் பிஜி. அதுவும் ஆபீசுக்கு நடக்குற தூரத்துல. வாடகை ஆயிரம் ரூபா கூடினாலும் பரவாயில்ல.

அதுக்கப்புறம் வெளிய தேடலாம். சோழிங்கநல்லூர்ல வேலைன்னா மேடவாக்கம், பெரும்பாக்கம், காரப்பாக்கம், நாவலூர் இந்த வட்டம் போதும். "தாம்பரத்துல வாடகை கம்மி"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. தாம்பரத்துலருந்து சோழிங்கநல்லூர் பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல மாதவரத்துலருந்து வர்ற ரெண்டு தடமும் சோழிங்கநல்லூர்லதான் சந்திக்குது. ஒண்ணு ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) வழியா சிறுசேரிக்குப் போறது, இன்னொண்ணு மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியா வர்றது. ரெண்டு ரோட்டுலயும் தூண் வேலைக்காகத் தடுப்பு போட்டா, காலை எட்டரைக்கு மேல கிலோமீட்டர் கணக்கு செல்லாது. பாக்கப்போற இடத்துலருந்து ஆபீசுக்கு ஒரு வேலைநாள் காலையில, நீங்க கிளம்பவேண்டிய அதே நேரத்துல போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு "இருபது நிமிஷம்தான்"னு நம்பிடாதீங்க.

#3 பெரியதெரு

பிஜி பிஜின்னு ஏன் தள்ளிவிடறீங்க? திருவல்லிக்கேணி மேன்ஷன்ல சிங்கிள் ரூம், கீழே இறங்கினா பத்து மெஸ். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கேக்க ஆளில்ல. பெரிய அட்வான்சும் கிடையாது. பரீட்சைக்குப் படிக்கிறவன், மீடியாக்காரன், மருந்துக் கம்பெனி ரெப்புன்னு எல்லாருக்கும் தாய்வீடே அதுதான்.

#4 மேடவாக்கம்வாசி

பெரியதெரு, அண்ணா சாலையில வேலைன்னா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. சோழிங்கநல்லூருக்கு அங்கிருந்து பறக்கும் ரயில்ல திருவான்மியூர் போய், இறங்கி ஓஎம்ஆர் பஸ் பிடிக்கணும். தினம் ரெண்டு தடவை. முதல் வேலைக்காரனுக்கு இது வேண்டாத சுமை.

#5 பெரியதெரு

ஒத்துக்கறேன். ஆனா மெஸ் சாப்பாட்டுக்கு ஓஎம்ஆர்ல ஈடு கிடையாது, அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

#6 கூப்பன்கிழி

பிஜி பாக்கப் போறப்ப சோத்தைப் பத்தி மட்டும் கேக்காதீங்க. கேக்கவேண்டியது வேற.

வாடகை ஒண்ணாம் தேதிக்கு ஒண்ணாம் தேதியா, சேர்ந்த தேதிக்கு ஒரு மாசமா? சில இடத்துல 20ஆம் தேதி சேர்ந்தாலும் முழு மாசம் வாங்குவாங்க. அட்வான்ஸ்ல எவ்வளவு திரும்பி வரும்? "மெயின்டனன்ஸ்"னு ஒரு தொகை கழிக்கிறது இங்க வழக்கம். அது எவ்வளவுன்னு ரசீதுலயே எழுதி வாங்குங்க. காலி பண்ண எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? பெரும்பாலும் 30 நாள். வாய்ல சொன்னது கணக்குல வராது, வாட்ஸ்அப்ல அனுப்புங்க, தேதியோட நிக்கும். நைட் ஷிப்ட் வந்தா மத்தியானச் சாப்பாடு உண்டா? பாதி பிஜியில வார நாள்ல மத்தியானம் அடுப்பே எரியாது. ஏசி ரூம்னா கரண்ட் தனியா?

அடுத்தது மூட்டைப்பூச்சி. இதை யாரும் சொல்ல மாட்டாங்க. மெத்தையோட ஓரத் தையல், கட்டில் மூட்டு, ப்ளைவுட் இடுக்கு, சுவர்ல ஆணி அடிச்ச ஓட்டை, எல்லாத்துலயும் செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. பேனா மையால புள்ளி வச்ச மாதிரி கறுப்பா இருந்தா வேற இடம் பாருங்க. வாடகை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேண்டாம். ஒரு தடவை பையில ஏறிட்டா அடுத்த வீட்டுக்கும் கூடவே வரும். மெத்தையை வெயில்ல போட்டா மட்டும் போகாது, அது கட்டில் இடுக்குலயும் சுவர்லயும்தான் குடியிருக்கும்.

#7 கடல்காத்து

பொண்ணுங்களும் இந்த இழையைப் படிப்பாங்க, அவங்களுக்காக ரெண்டு விஷயம்.

லேடீஸ் ஹாஸ்டல் எதுவானாலும், 2014ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செஞ்சு உரிமம் வாங்கியிருக்கணும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. காட்டத் தயங்கினா அதையே பதிலா எடுத்துக்கங்க. வேலைக்குப் போற பெண்களுக்கான தமிழ்நாடு அரசோட தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்பட பல இடத்துல இருக்கு. நல்லா நடக்குது, ஆனா சோழிங்கநல்லூர் வேலைக்குக் கொஞ்சம் தூரம். இடம் காலியான்னு முன்கூட்டியே பாத்துட்டுக் கிளம்புங்க.

பஸ்: 2021 மே மாசத்துலருந்து மாநகரப் பஸ்ல சாதாரணக் கட்டண வண்டியில பெண்களுக்கு டிக்கெட் இலவசம். முன்பக்கம் பிங்க் அடிச்சிருக்கும். டீலக்ஸ்லயும் ஏசியிலயும் கிடையாது. அவசரத்துல ஏறி கண்டக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்காதீங்க.

#8 ஊத்துத்தண்ணி

வாடகை, தூரம் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க. ஓஎம்ஆர்ல வீட்டோட குணத்தைத் தீர்மானிக்கிறது தண்ணி. அதை இதுவரைக்கும் ஒருத்தரும் தொடல.

நகரத்துக்கு உள்ள மெட்ரோ வாட்டர் லைன் இருக்கும். ஓஎம்ஆர்ல பெரும்பாலான கட்டடம் போர்வெல்லையும் தண்ணி லாரியையும் நம்பித்தான் ஓடுது. போர் தண்ணி பல இடத்துல உப்பு. வீடு பாக்கப் போனா முதல்ல பாத்ரூமுக்குள்ள போங்க. குழாய் மூக்குல வெள்ளைப் படிவு, ஷவர் ஓட்டை பாதி அடைச்சிருக்கு, பக்கெட் ஓரத்துல வெள்ளை வளையம்: இதெல்லாம் கடுந்தண்ணிக்கு அடையாளம். சோப்பு நுரைக்காது, வெள்ளைச் சட்டை ரெண்டு மாசத்துல பழுப்பாகும், கெட்டில் அடியில சுண்ணாம்பு கட்டும். சின்ன டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குறது) இருந்தா கையோட கொண்டு போங்க. குடிதண்ணிக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லாட்டி 2,000 வரைக்கும். 2,000க்கு மேல காட்டினா அதைக் குளிக்க வச்சுக்கிட்டாலே பெரிசு.

அப்புறம் ஓனர்கிட்ட "தண்ணி வருமா"ன்னு கேக்காதீங்க. "வரும்"னுதான் சொல்வாரு. "மே மாசம் லாரிக்கு வீட்டுக்கு எவ்வளவு பிரிச்சீங்க"ன்னு கேளுங்க. அந்தப் பதில்லதான் உண்மை இருக்கும். ஓனரைவிட பக்கத்து போர்ஷன்காரர்கிட்ட கேட்டா இன்னும் நல்லது.

வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டு தடவையும் வேளச்சேரியும் பள்ளிக்கரணை ஓரமும் முடிச்சூரும் தண்ணியில நின்னுச்சு. பள்ளிக்கரணை சதுப்பு நிலந்தான் தென்சென்னை மழைத்தண்ணி வந்து சேர்ற கிண்ணம். அதைச் சுத்தி வீடு கட்டினா தண்ணி பழைய பாதையைத் தேடித்தான் வரும். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கம் கிரவுண்ட் ஃப்ளோர் வேண்டவே வேண்டாம். தெருவுல மீட்டர் பெட்டி எல்லாம் வழக்கத்தைவிட உசரத்துல மாட்டியிருக்கா, வாசப்படி ரோட்டைவிடத் தாழ்வா, சுவர்ல முழங்கால் உசரத்துல புதுப் பெயின்ட் பட்டையா தெரியுதா, பாருங்க. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கு எந்த வருஷம் எதுவரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு அங்குலக் கணக்குல தெரியும்.

#9 மீட்டர்ரீடிங்

கரண்ட் பத்திச் சொல்றேன், ஏன்னா ₹8,000 வாடகை வீடு இதுலதான் ₹10,000 ஆகுது.

தமிழ்நாட்டுல வீட்டுக் கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 தாண்டினா கட்டணப் பட்டியலே மாறும். 501வது யூனிட்டுக்கு மட்டும் கூடுதலா வாங்குறதில்ல, 101லருந்து 200 வரைக்கும் இருந்த குறைஞ்ச ரேட்டும் சேர்ந்து போயிடும். அந்த ஒரு யூனிட்டால பில் ₹200க்கு மேல குதிக்கும்.

இப்ப வாடகை வீட்டுக்கு வாங்க. ஒரே சர்வீஸ் நம்பர்ல (ஒரே கரண்ட் இணைப்புல) மூணு போர்ஷன், உள்ள சப்-மீட்டர், யூனிட்டுக்கு ₹8 இல்ல ₹9ன்னு ஓனர் வாங்குவாரு. மூணு வீடும் சேர்ந்து 500 தாண்டுறது சுலபம். 100 யூனிட் இலவசமும் உங்களுக்கு வராது. அதனால தனி சர்வீஸ் இருக்குற போர்ஷனைத் தேடுங்க. வாடகை ₹500 கூட இருந்தாலும் வருஷக் கணக்குல லாபம். சர்வீஸ் நம்பரை வாங்கிட்டு, பழைய பில் ரெண்டு காட்டச் சொல்லுங்க. குடியேறுற அன்னிக்கு மீட்டரை ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க.

தோராயக் கணக்கு: ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒண்ணேகால் யூனிட்னு வச்சுக்கங்க. ராத்திரி எட்டு மணி நேரம்னா 10 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 600. அது ஒண்ணே 500ஐத் தாண்ட வச்சிடும். சாதாரண ஃபேன் ராத்திரிக்கு முக்கால் யூனிட்கூட வராது. மொட்டைமாடி ரூமும் மேற்கு சுவர் ரூமும் வாடகை கம்மியா இருக்கக் காரணமே ஏசி இல்லாம ஏப்ரல், மே ஓட்ட முடியாதுங்கறதுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய் மேற்கு சுவர்ல கையை வச்சுப் பாருங்க.

#10 பத்திரம்பாரு

அட்வான்ஸ், அக்ரிமென்ட்.

"பத்து மாச அட்வான்ஸ்" சென்னையோட பழைய கெட்ட பழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேற விதமா ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். "ஒப்புக்கொள்ளாத பட்சத்தில்" என்பதைக் கவனிக்கவும். பத்து மாதம் என்று அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேசிப் பயனில்லை. இப்போது பல ஓனர்கள் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கிவிட்டார்கள். பேசுங்கள், குறைப்பார்கள்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவு எண் வரும். 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதம் என்று டைப் அடித்துக் கையெழுத்து வாங்குவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சண்டை வந்தால் அது உங்களுக்குப் பலவீனம்.

காலி பண்ணும்போது "பெயின்டிங் சார்ஜ்" என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பதில்தான் அதிகச் சண்டை. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கண்ணாடி உடைந்தால் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதினால் எழுதினதுதான் நிற்கும். ஆகவே கையெழுத்துக்கு முன்பு பெயின்டிங் பற்றி எழுதியிருக்கும் வரியைத் தேடி, அதை நீக்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு தொகையை எழுதி முடிவு கட்டுங்கள். வாடகை பாக்கி என்று சொல்லித் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த ஓனருக்கு உரிமை கிடையாது.

அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். குடியேறும் நாளில் சுவர், தரை, கதவு, சிங்க் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். புரோக்கர் கமிஷன் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. டூலெட் போர்டு பார்த்துத் தெருத்தெருவாக இரண்டு சனிக்கிழமை நடந்தால் அது மிச்சம்.

#11 குற்றாலச்சாரல்

எல்லாருக்கும் நன்றி. அந்த மிலிட்டரி ஆளை பிளாக் பண்ணிட்டேன். பிஜியே பாக்குறேன். சம்பளக் கணக்கு யாராவது சொல்லுங்களேன். அப்புறம் ஊர்ல இருக்குற பைக்கை எப்படிக் கொண்டுவரது? தீபாவளிக்கு ஊருக்கு வர முடியுமா?

#12 பேஸ்லிப்

₹3.2 லட்சத்தைப் பன்னெண்டால வகுத்தா 26,667. அது கைக்கு வராது. அதுலயே கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் ஒளிஞ்சிருக்கும். பேசிக் பாதின்னு வச்சா கம்பெனி பிஎஃப் 12 சதவீதம் ₹1,600, கிராஜுவிட்டி ₹640 அளவு, இன்சூரன்ஸ் ஒரு சின்னத் தொகை. கிராஸ் (உங்க பிடித்தம் போறதுக்கு முன்னாடி உள்ள மாசச் சம்பளம்) ₹24,000 கிட்ட நிக்கும். உங்க பங்கு பிஎஃப் ₹1,600 போக கைக்கு ₹22,400 சுமார். ஆஃபர் லெட்டர்ல "வேரியபிள்"னு ஒரு வரி இருந்தா அதை மாசக் கணக்குலருந்து கழிச்சிடுங்க. கிராஸ் ₹21,000க்கு மேல இருக்குறதால இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வராது.

தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. உங்க சம்பளத்துக்கு ₹1,250. மாசாமாசம் பிடிக்காத கம்பெனியில ஒரே மாசத்துல போகும். அந்த மாசம் "சம்பளம் குறைஞ்சிருச்சு"ன்னு எச்ஆர்கிட்ட ஓடாதீங்க.

2ஆம் தேதி சேர்றதால முதல் சம்பளம் மாசக் கடைசியில வந்திடும். 20க்கு மேல சேர்றவங்களுக்கு அந்த மாசக் கணக்கு முடிஞ்சிருந்தா அடுத்த மாசம் சேத்துதான் வரும், அவங்க 45 நாளைக்குக் காசு வச்சிருக்கணும். உங்களுக்கு: பிஜி அட்வான்ஸும் முதல் வாடகையும் சேர்த்து, அதுக்கு மேல ₹8,000 கையில இருந்தா மூச்சு விடலாம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை சரிபாக்கக் காட்டுங்க, கொடுத்துட்டு வராதீங்க. வாங்கி வச்சுக்கறோம்னு சொன்னா காரணத்தை மெயில்ல கேளுங்க.

#13 கூப்பன்கிழி

மாநகரப் பஸ் மாதப் பாஸ் பத்தியும் சொல்லிடறேன். ₹1,000 பாஸை எல்லாரும் முதல் நாளே எடுக்கறாங்க. 26 வேலைநாள்னு வச்சா தினம் ₹38க்கு மேல டிக்கெட் எடுத்தாதான் லாபம். மேடவாக்கத்துலருந்து சாதாரண பஸ்ல போறவங்களுக்கு அது நஷ்டம். ஏசி வண்டியிலயும் அது செல்லாது.

#14 அடுப்படி

பின்னால வீடு எடுத்துச் சமைக்கிறவங்களுக்கு: புது கேஸ் கனெக்‌ஷனுக்கு முகவரிச் சான்று தேடி அலைய வேண்டாம். 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை மட்டும் வச்சு ஏஜென்சியிலயும் சில பெட்ரோல் பங்க்லயும் தர்றாங்க. இந்தியன் ஆயில்ல அதுக்குப் பேரு சோட்டு. பெட்டிக்கடையில கிலோ கணக்குல நிரப்பித் தர்ற குட்டி சிலிண்டர் வேண்டாம். அது சட்டவிரோதம், அதோட வால்வு கசிஞ்சா ரூமே போயிடும்.

பாத்திரம்: மூணு லிட்டர் குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு வாணலி, பால் காய்ச்ச ஒரு பாத்திரம், கரண்டி ரெண்டு, தட்டு ரெண்டு. இதுக்கு மேல முதல் மாசம் எதுவும் வாங்காதீங்க. குடிக்க 20 லிட்டர் கேன். சீல் உடையாம இருக்கான்னு பாத்து வாங்குங்க, கேனுக்கு டெபாசிட் கேப்பாங்க, சீட்டு வாங்கிக்கங்க. மாசக் கடைசி இழுபறியா இருந்தா அம்மா உணவகம் இருக்கு. இட்லி ₹1, சாம்பார் சாதம் ₹5, தயிர் சாதம் ₹3. வெக்கப்பட ஒண்ணுமில்ல, வரிசையில ஐடி கார்டு மாட்டினவங்களும் நிப்பாங்க.

#15 பார்சல்பாபு

பைக்: ரயில்ல அனுப்புறதுதான் மலிவு. ஆர்சி நகல், உங்க அடையாள அட்டை நகல் எடுத்துக்கிட்டு முந்தின நாளே பார்சல் ஆபீசுக்குப் போங்க. எல்லா ஸ்டேஷன்லயும் ஏத்த மாட்டாங்க, ரெண்டு நிமிஷம் நிக்கிற வண்டியில பைக் ஏறாது. திருநெல்வேலி ஜங்ஷன் உங்களுக்குச் சரியா வரும். டேங்க்ல பெட்ரோல் சுத்தமா இருக்கக்கூடாது, அங்கேயே வடிக்கச் சொல்வாங்க, அதனால முந்தின நாளே காலி பண்ணுங்க. ஹெட்லைட், இண்டிகேட்டர், டேங்க் மூணுக்கும் அட்டை வச்சு மேல சாக்கு சுத்திக் கட்டணும். ஸ்டேஷன் வாசல்லயே கட்டிக்கொடுக்கிற ஆள் இருப்பாங்க. கண்ணாடியைக் கழட்டிப் பையில போட்டுக்கங்க, அதுதான் முதல்ல உடையும். வந்து சேர்ந்த பிறகு தாமதமா எடுத்தா தேங்கல் கட்டணம் மணிக் கணக்குல ஏறும். தமிழ்நாட்டு வண்டிதானே, ரெஜிஸ்ட்ரேஷன் மாத்த வேண்டாம்.

ஆனா முதல் மாசம் கொண்டுவராதீங்க. பிஜியில பார்க்கிங் இருக்கான்னு தெரிஞ்சபிறகு அனுப்பச் சொல்லுங்க.

தீபாவளி: ரயில் முன்பதிவு இப்ப 60 நாள் முன்னாடிதான், காலை 8 மணிக்குத் திறக்கும். பண்டிகைக்கு முந்தின நாளிலருந்து அறுபது நாள் எண்ணி, அந்தத் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. 8.05க்கு உள்ள போனா வெயிட்டிங் லிஸ்ட்தான். தட்கல் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. 2025 ஜூலையிலருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஐஆர்சிடிசி கணக்குல ஆதார் சரிபாத்திருக்கணும். இன்னிக்கே முடிச்சு வைங்க, கடைசி நேரத்துல ஓடிபி வராது. பஸ்னா தென்மாவட்ட வண்டி எல்லாம் 2023 டிசம்பர் கடைசியில திறந்த கிளாம்பாக்கத்துலருந்து. கோயம்பேட்டுக்குப் போய் நிக்காதீங்க.

#16 குற்றாலச்சாரல்

கடைசிக் கேள்வி. சனிக்கிழமை காலையில பொதிகையில வர்றேன். எழும்பூர்ல இறங்கி எப்படி வரணும்?

#17 மேடவாக்கம்வாசி

தம்பி, எழும்பூர் வரைக்கும் போகாதீங்க. தாம்பரத்துலயே இறங்கி, கிழக்குப் பக்கமா வெளிய வாங்க. மேற்குப் பக்கம் போனா ஜிஎஸ்டி ரோடு, திரும்பப் பெட்டியோட படி ஏறணும். கிழக்குல 99ஆம் நம்பர் நிக்கும். கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியா சோழிங்கநல்லூர் போகும். கண்டக்டர்கிட்ட சிக்னல் ஸ்டாப்பிங்னு சொல்லி எடுங்க, சில்லறை வச்சுக்கங்க. சனிக்கிழமை காலையில ரோடு காலியா இருக்கும். மூணு பிஜி பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள முடிவு பண்ணிடலாம். ரூமைப் பாக்குறப்ப பையை மெத்தை மேல வைக்காதீங்க, #6ல கூப்பன்கிழி சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.